ஒன்பதாம் இடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

நம் கார்டு ஆட்டத்தின் தேசியச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதிப் போட்டி விதிகளை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் தகுதிப் போட்டிகளின் பழைய முடிவுப் பட்டியல்களைப் புரட்டினால் என் பெயர் அடிக்கடி கண்ணில் படும். உச்சியில் இருக்காது. தேசியப் போட்டிக்கு அழைப்பு கிடைக்கும் கடைசி இடத்துக்குக் கொஞ்சம் கீழே தேடுங்கள், அங்கே இருப்பேன். ஒரே ஒரு முறை அழைப்பு வாங்கித் தேசியப் போட்டியில் ஆடியும் இருக்கிறேன். அது எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெருமைப்பட அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

போன சீசனில் நடந்த ஒரு போட்டியிலிருந்து தொடங்குகிறேன். சரியாக 64 பேர், ஸ்விஸ் முறையில் (தோற்றவரும் வெளியேறாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவரோடு ஆடும் முறை) 6 சுற்று, வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1, முதல் 8 பேருக்கு அழைப்பு. முதல் மூன்று சுற்றையும் எனக்கே ஆச்சரியமாக ஜெயித்தேன். நான்காவதில் என்னைவிட நன்றாக ஆடியவரிடம் தோற்றேன். ஐந்தாவதில் சைடு டெக்கிலிருந்து (ஆட்டங்களுக்கு நடுவில் மாற்றிக்கொள்ள டெக்கோடு, அதாவது ஆடும் கார்டுக் கட்டோடு, வைத்திருக்கும் உபரிக் கார்டுகள்) தப்பான கார்டுகளை உள்ளே கொண்டுவந்து தோற்றேன், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கையில் 9 புள்ளி, ஒரு சுற்று பாக்கி.

கடைசிச் சுற்றுக்கு மேசை எண்களை ஒட்டினார்கள். முதல் மேசையில் ஒருமுறைகூடத் தோற்காத இருவர். உட்கார்ந்தார்கள், கை குலுக்கினார்கள், முடிவுச் சீட்டில் டிரா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாவது மேசையில் ஆளுக்கு 12 புள்ளி வைத்திருந்த இருவரும் அதையே செய்தார்கள். டெக்கைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. நான் பத்தாவது மேசையில் மூன்று ஆட்டம் ஆடி, 50 நிமிடமும் கரையப்போகிற நேரத்தில் ஜெயித்தேன். 12 புள்ளி. பட்டியல் வந்தது. ஒன்பதாவது இடம்.

வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 5 சுற்று முடிந்தபோது 15 புள்ளியில் 2 பேர், 12 புள்ளியில் 10 பேர் இருந்தார்கள் (நான் இல்லை, நான் அதற்கடுத்த 20 பேரில் ஒருவன்). முதல் மேசைக்காரர்கள் கை குலுக்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்கள் ஆடித் தோற்றிருந்தாலும் 15 புள்ளியோடு உள்ளே போயிருப்பார்கள். விஷயம் இரண்டாவது மேசையில் இருக்கிறது. அங்கே ஆடியிருந்தால் ஒருவர் 15, மற்றவர் 12. ஆடாமல் இருவரும் 13 எடுத்துக்கொண்டார்கள். 16இல் இருவர், 15இல் நால்வர், 13இல் இருவர் என்று எட்டும் நிறைந்துவிட்டது. 9 புள்ளியோடு கீழே உட்கார்ந்திருந்த 20 பேரும் அந்த நிமிடத்துக்கு அப்புறம் எப்படி ஆடினாலும் பயனில்லை. அது தெரியாமல் 50 நிமிடம் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் ஆடியிருந்தால் 12 புள்ளிக்காரர் ஒருவருக்கு இடம் இருந்திருக்கும். அது நானாகத்தான் இருந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டாவது மேசையில் தோற்பவர், ஒரே புள்ளிக்காரர்களை வரிசைப்படுத்தும் டை-பிரேக்கரில் என்னை முந்தியிருக்கலாம்.

அந்த இருவர்மேல் எனக்குக் கோபமில்லை. இருக்கவும் கூடாது, ஏனென்றால் அதற்கு முந்தைய சீசனில் அதே இரண்டாவது மேசையில் உட்கார்ந்து கை குலுக்கியவன் நான். நான் தேசியப் போட்டிக்குப் போன கதை அதுதான். 4 வெற்றி, 1 தோல்வி, 1 கைகுலுக்கல். எதிரே இருந்தவர் "டிரா பண்ணிக்கலாமா?" என்று கேட்டார், நான் மேலே மாட்டியிருந்த புள்ளிப் பட்டியலை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். விதி அனுமதிக்கிறது. பணமோ பரிசோ பேசினால்தான் குற்றம், சும்மா ஒத்துக்கொண்டால் குற்றமில்லை. அன்று எனக்குக் கீழே ஒன்பதாவதாக நின்றவர் யார் என்று நான் பார்க்கவில்லை. போன சீசன்வரை அந்த யோசனையே வந்ததில்லை.

ஆகவே இது ஆட்டக்காரர்களின் ஒழுக்கத்தைப் பற்றிய புகார் இல்லை. எந்த இடத்தில் கோடு கிழிக்கிறீர்கள் என்பதைப் பற்றியது. நீங்கள் 8வது இடத்துக்கும் 9வது இடத்துக்கும் நடுவில் கிழிக்கிறீர்கள். அதை இடத்துக்கு நடுவில் கிழிக்காமல் புள்ளிக்கு நடுவில் கிழியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டிராவே இல்லாத, யாரும் நடுவில் விலகாத ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். 64 பேர், 6 சுற்று. முடிவில் தோல்வியே இல்லாதவர் 1, ஒரு தோல்வி 6 பேர், இரண்டு தோல்வி 15 பேர், மூன்று தோல்வி 20 பேர் என்று வரும். யார் எப்படி ஆடினாலும் எண்ணிக்கை இதுதான். முதல் 8 பேருக்கு அழைப்பு என்றால் தோல்வி இல்லாதவரும் ஒரு தோல்விக்காரர்களும் சேர்ந்து 7. எட்டாவது இடத்துக்கு 15 பேர் ஒரே புள்ளியோடு வரிசையில் நிற்கிறார்கள். 14 பேரைத் திருப்பி அனுப்பப்போவது யார்? டை-பிரேக்கர்.

டை-பிரேக்கர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த மடலைப் படிக்கிற புதிய ஆட்டக்காரர்களுக்காகச் சொல்கிறேன். நம்மோடு ஆடிய ஒவ்வொருவரும் எடுக்க முடிந்த புள்ளியில் எத்தனை சதவீதம் எடுத்தார்கள் என்று பார்த்துச் சராசரி போடுவார்கள். யாராவது ரொம்ப மோசமாக ஆடியிருந்தாலும் 33 சதவீதத்துக்குக் கீழே கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதாவது, சமநிலையை உடைப்பது நான் ஆடிய ஆட்டம் அல்ல, என்னோடு ஆடி முடித்தவர்கள் அப்புறம் வேறு மேசைகளில் ஆடிய ஆட்டம். முதல் சுற்றில் நான் ஜெயித்தவர் அடுத்த சுற்றிலும் தோற்று, போட்டியிலிருந்து விலகிக் கிளம்பிவிட்டால் எனக்கு அவர் வழியாக 33. உங்களோடு ஆடியவர் விடாமல் உட்கார்ந்து 6இல் 4 ஜெயித்தால் உங்களுக்கு அவர் வழியாக 66க்கும் மேலே. 6 பேரின் சராசரியில் அந்த ஒருவர் மட்டுமே ஐந்தரை சதவீத வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஒரே புள்ளியில் இருக்கும் 15 பேரை வரிசைப்படுத்த அது தாராளம்.

இன்னொன்றும் இருக்கிறது. சீக்கிரம் தோற்பவருக்கு டை-பிரேக்கர் பெரும்பாலும் பாதகம்தான், ஏனென்றால் தோற்றவுடன் தோற்றவர்களோடுதான் ஜோடி சேர்ப்பார்கள். நான் ஒன்பதாவதாக வந்த அதே போட்டியில் என் நண்பர் ஒருவர் முதல் இரண்டு சுற்றிலும் தோற்றார். அப்புறம் நாலையும் வரிசையாக ஜெயித்தார். அவருக்கும் 12 புள்ளி, எனக்கும் 12 புள்ளி. அவருக்கு 22வது இடம். 12 புள்ளியில் நின்ற 14 பேரில் நான் முதல் ஆள், அவர் கடைசி ஆள். நான் கடைசி மூன்றில் இரண்டைத் தோற்றவன், அவர் கடைசி நாலில் ஒன்றும் தோற்காதவர். இதில் யார் நல்ல ஆட்டக்காரர் என்று கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன்.

ஸ்விஸ் முறையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1895இல் சூரிச்சில் நடந்த சதுரங்கப் போட்டிக்காக யூலியுஸ் முல்லர் கொண்டுவந்த ஏற்பாடு அது. தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல், எல்லோரும் எல்லோரோடும் ஆடவும் நேரமில்லாமல், கொஞ்சம் சுற்றுகளிலேயே முதல் ஆளைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இன்றுவரை வரவில்லை. ஆனால் அதன் பலம் உச்சியில்தான் இருக்கிறது. யார் முதல் என்று தெளிவாகச் சொல்லும். எட்டாவது யார், ஒன்பதாவது யார் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. தெரியாத கேள்வியை அதனிடம் கேட்பது நம் தப்பு.

சரி, புள்ளிக்கு நடுவில் கோடு விழுந்தால் என்ன ஆகும்? 6 சுற்றுப் போட்டியில் 15 புள்ளி எடுத்தவர் எல்லோருக்கும் அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 பேரில் 7 பேர் வருவார்கள். இப்போது நீங்கள் கொடுப்பதைவிட ஒன்று குறைவு, அவ்வளவுதான். அரங்கத்துக்கோ பட்ஜெட்டுக்கோ இதனால் ஒரு பாரமும் இல்லை. ஆனால் இரண்டாவது மேசையில் 12 புள்ளியோடு உட்காரும் இருவரும் ஆடியே ஆக வேண்டும், ஏனென்றால் டிரா செய்தால் 13, இருவருக்கும் அழைப்பு இல்லை. கைகுலுக்கலால் யாரும் உள்ளே போக முடியாது. தடை போட வேண்டாம், ஜட்ஜ் கண்கொத்திப் பாம்பாக நிற்க வேண்டாம். டிராவுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டால் கேட்பதற்கே ஆள் இருக்காது.

15 என்று கோடு விழுந்திருந்தால் போன சீசனில் நானும் உள்ளே வந்திருக்க மாட்டேன். முந்தைய சீசனில் 13 புள்ளியோடு போனேனே, அதுவும் கிடைத்திருக்காது. அன்று எதிரே இருந்தவரோடு ஆடித்தான் தீர்த்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தோற்ற சுற்றைக் காட்டி "இதனால் போகவில்லை" என்று சொல்வது எனக்குச் சுலபம். யாரோ ஒருவர் முதல் சுற்றுக்கு அப்புறம் விலகியதால் போகவில்லை என்று சொல்வதுதான் தொண்டையில் நிற்கிறது.

தேசியப் போட்டியில் இன்னும் நிறையப் பேருக்கு இடம் இருக்கிறது என்றால் 12 புள்ளியில் கோடு விழட்டும். 22 பேர் வருவார்கள். எது என்பது உங்கள் முடிவு. எதுவானாலும் ஒரே புள்ளி எடுத்தவர்களில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே என்று மட்டும் இருக்கக் கூடாது. இது புதுமையும் அல்ல. மேஜிக் என்ற கார்டு ஆட்டத்தின் கிராண்ட் பிரீ என்னும் பெரிய போட்டிகளில் பிந்தைய ஆண்டுகளில், முதல் நாளில் 18 புள்ளி எடுத்தவர் எல்லோரும் இரண்டாம் நாள் ஆடலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். இத்தனையாவது இடம்வரை என்று பார்க்கவில்லை.

இதனால் தானாகத் தீரும் இன்னொரு தலைவலியும் உண்டு. ஏற்கெனவே தகுதி பெற்றவர் மறுபடி வந்து முதல் எட்டில் உட்காருவது. அவர் ஆடுவதில் தப்பில்லை, பரிசுக்காகவோ பயிற்சிக்காகவோ வருகிறார், ஆட்டத்தின்மேல் ஆசை உள்ளவர் வரத்தான் செய்வார். ஆனால் அவருக்குத் தேவையில்லாத ஓர் அழைப்பு அவர் கையில் சும்மா கிடக்கிறது. சில போட்டிகளில் அது அடுத்தவருக்கு இறங்குகிறது, சிலவற்றில் இறங்குவதில்லை. எந்தப் போட்டியில் எப்படி என்று காலையில் பெயர் கொடுக்கும் மேசையில்தான் தெரிகிறது. ஒரு போட்டியில் முதல் எட்டில் மூன்று பேர் ஏற்கெனவே தகுதி பெற்றவர்கள், மூன்று அழைப்பும் யாருக்கும் இல்லாமல் போயிற்று. புள்ளியில் கோடு இருந்தால் அவர்கள் யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை. எத்தனை பேர் எட்டுகிறார்களோ அத்தனை பேருக்கும் உண்டு, கணக்கு முடிந்தது.

ஆள் குறைவான போட்டியைத் தேடி அலையும் பழக்கமும் குறையும், ஏனென்றால் ஆள் குறைந்தால் கோட்டை எட்டுபவர்களும் குறைவார்கள். இப்போது 64 பேர் ஆடும் போட்டிக்கும் 8 அழைப்பு, 35 பேர் ஆடும் போட்டிக்கும் 8 அழைப்பு. சுற்று இரண்டுக்கும் 6தான். புத்தியுள்ளவர் எங்கே போவார்? பலமான ஆட்டக்காரர்கள் சேர்ந்து வரும் போட்டியைத் தவிர்த்துவிட்டு, யாருக்கும் தெரியாத தேதியில் நடக்கும் போட்டிக்குக் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் இதற்காகவே அட்டவணை வைத்திருக்கிறார். டெக்கைப் பற்றிப் பேசுவதைவிட எங்கே கூட்டம் வராது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

இதில் சிக்கல்கள் இருக்கின்றன. நீங்கள் எழுப்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சுற்று எண்ணிக்கை மாறும் இடத்தில் வரும் பள்ளம். 64 பேருக்கு 6 சுற்று. ஒருவர் கூடி 65 ஆனால் 7 சுற்று. 6 சுற்றில் ஒரு தோல்விக்குள் முடிப்பவர்கள் 7 பேர், 65 பேர் 7 சுற்று ஆடினால் ஒரு தோல்விக்குள் முடிப்பவர்கள் ஏறக்குறைய 4 பேர்தான். 128 பேர் வந்தால் அது சரியாக 8 ஆகும், ஆனால் 128 பேர் என்றைக்கு வந்தார்கள்? எனவே இத்தனை பேர், இத்தனை சுற்று, இத்தனை புள்ளி என்று ஓர் அட்டவணையை முன்பே வெளியிடுங்கள். 7 சுற்றில் ஆள் குறைவு என்றால் இரண்டு தோல்விவரை இறக்குங்கள். பெயர் கொடுத்து முடிந்ததும் ஜட்ஜ் ஒலிபெருக்கியில் "இன்று 15" என்று ஒரு வரி சொன்னால் போதும். கடைசிச் சுற்றில் பட்டியலைப் பார்த்துப் பார்த்து விரல்விட்டு எண்ணும் வேலை அத்தோடு ஒழியும்.

இரண்டாவது, நேரம் முடிந்து வரும் நிஜமான டிரா. 50 நிமிடம் முடிந்து, கூடுதலாகக் கொடுக்கும் 5 டர்னும் முடிந்து, யாரும் ஜெயிக்காமல் நின்றால் ஆளுக்கு 1 புள்ளி. நான் கேட்கும் முறையில் அந்த 1 புள்ளி பெரும்பாலும் தோல்விக்குச் சமம். நிதானமாகக் கட்டுப்படுத்தி ஆடும் டெக் வைத்திருப்பவர்களுக்கு இது வலிக்கும். அந்த மாதிரி டெக்கைத்தான் நானும் விரும்பி ஆடுகிறேன், எனக்கும் வலிக்கும். நேரம் முடிந்த பிறகு எதிரே இருப்பவரிடம் "எப்படியும் உங்களுக்கு வாய்ப்பில்லை, விட்டுக்கொடுங்களேன்" என்று கேட்கும் தர்மசங்கடமும் கூடலாம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மெதுவாக ஆடுபவர்களை ஜட்ஜ் முதல் ஆட்டத்திலேயே எச்சரிப்பதும், ஜட்ஜை அழைத்ததால் போன நிமிடங்களைத் தவறாமல் திருப்பிக் கொடுப்பதும் பாதியைத் தீர்க்கும்.

மூன்றாவது, உள்ளே போய்விட்டவர் நண்பருக்காகக் கடைசிச் சுற்றை விட்டுக்கொடுப்பது. அது இன்றும் நடக்கிறது, அப்போதும் நடக்கும். முதல் இடத்துக்கென்று உருப்படியாக ஏதாவது வையுங்கள். தேசியப் போட்டியின் முதல் சுற்றில் ஆடாமலே வெற்றி என்று ஒரு பை கொடுத்தால்கூடப் போதும், 15 புள்ளியோடு இருப்பவரும் உட்கார்ந்து ஆடுவார்.

"சீசன் முழுக்கப் புள்ளி சேர்க்கும் வழி இருக்கிறதே, அங்கே இந்தக் குறை இல்லையே" என்று உங்களில் ஒருவர் போன கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பாதையின் கதை நீண்டது. மேஜிக்கில் முன்பு ஈலோ தரப்புள்ளி இருந்தது. எல்லோருக்கும் 1600இல் தொடங்கும், ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். தரப்புள்ளி உயரத்தில் இருந்தவர்களுக்குத் தேசியப் போட்டி அழைப்பும் வந்தது. விளைவு? எட்ட வேண்டிய உயரத்தை எட்டியவர்கள் ஆடுவதையே நிறுத்தினார்கள். ஆடினால் இறங்கிவிடும் என்ற பயம். ஆட்டத்தை வளர்க்க வைத்த ஏற்பாடு நல்ல ஆட்டக்காரர்களை வீட்டில் உட்கார வைத்தது. 2011இல் அதை எடுத்துவிட்டு, தோற்றாலும் இறங்காத பிளேன்ஸ்வாக்கர் பாயின்ட்ஸ் கொண்டுவந்தார்கள். அது மறுபக்கம் சாய்ந்தது. அதிகம் போட்டிகளுக்குப் போனவர் மேலே போனார், வாராவாரம் அலைய முடிந்தவருக்குத்தான் லாபம். போக்கிமான் கார்டு ஆட்டத்தில் சாம்பியன்ஷிப் புள்ளிகளுக்கு, பல வகைப் போட்டிகளில் சிறந்த சில முடிவுகள் மட்டுமே சேரும் என்று வரம்பு வைத்தார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். உங்கள் சீசன் பட்டியலிலும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். வேலை, படிப்பு, வீட்டில் சின்னக் குழந்தை என்று இருப்பவர் மாதம் ஒரு போட்டிக்குத்தான் வர முடியும். அந்த ஒன்றில் நன்றாக ஆடியதற்கு மதிப்பு இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் எரிச்சலில் பெரிது. சீசன் பாதியில் விதியை மாற்றாதீர்கள். போன முறை மூன்றாவது மாதத்தில் சிறிய போட்டிகளின் புள்ளியைப் பாதியாக்கினீர்கள். அதற்கான காரணம் நியாயமாகவே இருக்கலாம். அதற்குள் அந்தப் போட்டிகளை நம்பி எட்டு வாரம் செலவழித்தவர்கள் இருந்தார்கள்.

மற்றபடி உங்கள் வேலை சுலபமல்ல என்று தெரியும். சம்பளமில்லாமல், நாள் முழுக்க நின்றுகொண்டு, தோற்றவர்களின் முகத்தை மட்டுமே பார்க்கும் வேலை. ஜட்ஜாக ஒரு நாள் உதவிக்கு நின்றேன், மாலையில் கால் என்னுடையதாகவே இல்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த சீசன் விதிகளை எழுத உட்காரும்போது, போன சீசனின் முடிவுப் பட்டியல்கள் அனைத்தையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் எட்டாவது பெயரையும், அதே புள்ளியோடு அதற்குக் கீழே இருக்கும் பெயர்களையும் எண்ணுங்கள். கடைசிச் சுற்றில் எத்தனை மேசைகளில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் டிரா பதிவாகியிருக்கிறது என்றும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் விதிகளோடு சேர்த்து வெளியிடுங்கள். கோடு எங்கே விழ வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசலாம். கூப்பிட்டால் வருகிறேன்.

இப்படிக்கு,
12 புள்ளி எடுத்த 14 பேரில் ஒருவன்